கல்லூரிக்குள் கட்டட வேலை: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். சேர்ந்த முதல் வாரமே பழைய பிளாக்கைச் சுற்றி நீலத் தகரம் அடித்துவிட்டார்கள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த அன்றும் அந்தத் தகரம் அங்கேயே நின்றது. என் அப்பா பாலக்கோடு பக்கம் கொத்தனார். இருபது வருஷத்துக்கு மேல் பெங்களூருக்குப் போய் வேலை செய்தவர். அதனால் சாரமும் சிமெண்ட் மூட்டையும் எனக்குப் புதிதில்லை. வேலை நடக்கிற இடத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பதுதான் புதிது.

இரண்டாம் ஆண்டிலிருந்து வகுப்புப் பிரதிநிதியாக இருந்தேன். இப்போது ஜூனியர்கள் நாங்கள் கேட்ட அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டடம் அடுத்து வருகிறவர்களுக்கு. நமக்கு இருப்பது இந்த மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்குக் கழிப்பறை, குடிநீர், நடக்க வழி, உட்கார இடம் வேண்டும் என்று கேட்டால் அது வேலைக்கு இடைஞ்சல் ஆகாது. இதை எங்களுக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருஷம் வீணாகியிருக்காது.

வேலை எப்போது முடியும்?

வேலை நடக்கும் இடத்தின் வாசலில் தகவல் பலகை இருக்க வேண்டும். பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், ஆரம்பித்த தேதி, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். பலகை இல்லையென்றால் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் அந்த முடிக்கும் தேதியை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். நம் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நின்றால் மோட்டார் வைத்து இறைத்து, சேறு வாரிய பிறகுதான் மறுபடி வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். பில் பாஸ் ஆகவில்லையென்றால் ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். எங்கள் இடத்தில் ஒரு தடவை மூன்று மாதம் ஒருத்தரும் வரவில்லை. பில்லருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பியெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "அடுத்த செமஸ்டரில் எந்தெந்த அறை மூடப்படும், அதற்குப் பதில் எந்த அறை?" இதற்குப் பதில் சொல்ல முடியும், சொல்லியும் ஆக வேண்டும்.

யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் துறைத் தலைவர், அப்புறம் முதல்வர். அரசு கல்லூரிக் கட்டடங்களைப் பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவுதான் கட்டுகிறது. அங்கிருந்து தளத்துக்கு அடிக்கடி வருகிறவர் உதவிப் பொறியாளர். எல்லோரும் ஏ.இ. என்பார்கள். அவருக்கு மேலே உதவிச் செயற்பொறியாளர், அதற்கும் மேலே செயற்பொறியாளர்.

அன்றாடப் பிரச்சினைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேஸ்திரியிடம் மரியாதையாகப் பேசினாலே பாதி முடிந்துவிடும். எங்கள் மேஸ்திரி அண்ணனிடம், "அண்ணா, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் எங்களுக்குப் பரீட்சைங்க. உடைக்கிற வேலையை மட்டும் அப்போ வேண்டாங்க" என்று கேட்டோம். "அவ்வளவுதானே பாப்பா, அந்நேரம் கம்பி கட்ட விடறேன்" என்றார். பரீட்சை முடியும்வரை சொன்ன சொல் மாறவில்லை. கையோடு முதல்வருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேஸ்திரி மாறினாலும் கடிதம் இருக்கும்.

வகுப்பு நடத்த இடமே இல்லையே, வருகைப்பதிவு என்ன ஆகும்?

அறை பற்றாத கல்லூரிகளில் வழக்கமாகச் செய்வது ஷிப்ட் முறை. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். கேட்க எளிதாக இருக்கும். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகளைக் கேளுங்கள். மதிய ஷிப்ட் முடிந்து டவுனுக்கு வந்தால் கடைசி டவுன் பஸ் போயிருக்கும். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அதனாலேயே படிப்பை நிறுத்தப் பார்த்தார்கள்.

அறை மாற்றம் அறிவித்ததுமே யார் யார் எந்த ஊர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுங்கள். எங்களுக்குக் கடைசி வகுப்பை இருபது நிமிடம் முன்னால் தள்ளினார்கள். அந்த இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அறை இல்லாமல் வகுப்பு ரத்தானால் அது உங்கள் கணக்கில் விழக்கூடாது. வகுப்பு நடக்காத நாளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

பெண்கள் கழிப்பறையை இடித்துவிட்டார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் முதலில் இடித்தது கழிப்பறையைத்தான். அது கட்டடத்தின் பின்பக்கம் ஒட்டி இருந்தது, ஜேசிபி உள்ளே வர அதுதான் வழி. மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமலே இடித்தார்கள். மிச்சம் இருந்தது விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்று. போய்வர பத்து நிமிடம், வரிசையில் நிற்க இன்னும் பத்து நிமிடம். இடைவேளை மொத்தமே பத்து நிமிடம்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். காலையில் வீட்டில் குடித்த டம்ளர் தண்ணீரோடு சாயங்காலம் வரை. ஏப்ரல் வெயிலில். என் பக்கத்தில் உட்காரும் தோழிக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு ஒரு வாரம் படுத்துவிட்டாள். மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் நிறையப் பேர். வருகைப்பதிவில் ஒவ்வொரு மாதமும் அதே மூன்று நாள் விடுப்பு விழுந்தது. அதைப் பார்த்துத்தான் எங்கள் பேராசிரியை ஒருவருக்கு விஷயமே புரிந்தது.

நாங்கள் செய்த தவறு, வெட்கப்பட்டுக்கொண்டு நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தது. பிறகு அந்தப் பேராசிரியையை முன்னே வைத்துக்கொண்டு முதல்வரைப் பார்த்தோம். கடிதத்தில் மூன்று விஷயம் மட்டும் எழுதினோம்: தற்காலிகக் கழிப்பறை நான்கு, தண்ணீர்க் குழாயோடு. நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. இரண்டும் வரும்வரை ஆசிரியைகள் கழிப்பறையை எங்களுக்கும் திறந்துவிட வேண்டும். மூன்றாவது அன்றைக்கே நடந்தது. தற்காலிகக் கழிப்பறை வர ஐந்து வாரம் ஆனது.

உங்கள் கல்லூரியில் இன்னும் இடிக்கவில்லையென்றால் இன்றைக்கே கேளுங்கள். மாற்று ஏற்பாடு தயாரான பிறகு இடிக்கட்டும். இடித்த பிறகு கேட்பது ரொம்பக் கஷ்டம்.

வேலைக்காகப் போட்ட போர் தண்ணீரைக் குடிக்கலாமா?

வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை உள்ளவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்தச் சிக்கலுக்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

எங்கள் வளாகத்தில் பள்ளம் தோண்டும்போது அந்தக் காவிரித் தண்ணீர் வரும் பைப் உடைந்தது. சரிசெய்யும்வரை என்று சொல்லி, மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றினார்கள். யாரும் அறிவிக்கவில்லை. ருசி மாறியதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். கொதிக்க வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கிருமிக்குச் சரி. ஃப்ளோரைடு கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும்.

பைப் போகும் வழியை வேலை ஆரம்பிக்கும் முன் சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

தூசியில் இருமல் வருகிறது. இது ஆபத்தா?

மண் தூசி எரிச்சல் கொடுக்கும். கல் தூசி வேறு விஷயம். கிருஷ்ணகிரியைச் சுற்றி எத்தனை கருங்கல் குவாரி, எத்தனை கிரஷர் என்று உங்களுக்கே தெரியும். நம் பக்கத்துக் கட்டடத்தில் ஜல்லி, எம்-சாண்ட், படிக்குப் போடும் கிரானைட் பலகை எல்லாமே அங்கிருந்து வருவதுதான். கிரானைட்டில் சிலிக்கா இருக்கிறது. மெஷினால் அறுக்கும்போது பறக்கிற மாவு போன்ற தூசி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். வருஷக்கணக்கில் அதைச் சுவாசிக்கிற தொழிலாளிக்குத்தான் சிலிகோசிஸ் வருகிறது. அந்த வியாதி வந்தால் குணப்படுத்த முடியாது. நம்மைவிட, அறுக்கிற அந்தத் தம்பிக்குத்தான் மாஸ்க் முக்கியம்.

தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டிங் மெஷினை வகுப்பு ஜன்னலுக்குக் கீழே வைக்காமல் காற்று போகும் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லலாம். எலக்ட்ரிக் பைப்புக்குச் சுவரில் காடி வெட்டும்போதும் இதே கதைதான். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டர் சீட்டைக் காட்டி வேறு அறை கேளுங்கள்.

பழைய பெயின்டைச் சுரண்டும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை ஈரமாக்கித்தான் சுரண்ட வேண்டும்.

சத்தத்துக்கு விதி எதுவும் இல்லையா?

உண்டு. கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடம் தருகின்றன. அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40. உடைக்கும் மெஷின் ஓடும்போது அந்த அளவு சாத்தியமே இல்லை. அதனால் நேரத்தைப் பிரித்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு வரும். மேஸ்திரியிடம் பேசியதை மேலே சொல்லியிருக்கிறேன்.

கான்கிரீட் சரியாகப் போடுகிறார்களா என்று நமக்கு எப்படித் தெரியும்?

முதலாம் ஆண்டு ஃபீஸ் கட்ட என்னோடு அப்பா வந்தார். ஆபீஸில் கூட்டம். வெளியே நின்றவர் கண் பில்லர்கள் மேல் போயிற்று. சென்ட்ரிங் பிரித்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். பில்லரைச் சுற்றிச் சாக்கு கட்டியிருந்தார்கள். கிட்டப் போய் அந்தச் சாக்கைக் கையால் பிழிந்து பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. "காஞ்சு கெடக்குது பாரு பாப்பா. காலையில இருந்து ஒருத்தனும் தண்ணி ஊத்தல" என்றார். யாரையும் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த டிரம்மிலிருந்து பக்கெட்டில் மொண்டு நான்கு பில்லருக்கும் ஊற்றிவிட்டு வந்து வரிசையில் நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

சிமெண்ட் இறுகுவது காய்வதால் நடப்பதில்லை. தண்ணீரோடு சேர்ந்து நடக்கிற ரசாயன மாற்றம் அது. ஈரம் போய்விட்டால் அந்த மாற்றம் பாதியில் நின்றுவிடும், கான்கிரீட் வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் பலம் குறைந்திருக்கும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது. சூடான, வறண்ட வானிலையில் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கடையில் இன்று அதிகம் விற்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்கிறது. தளத்துக்கு மேலே கலவையால் சின்ன வரப்பு வைத்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டியிருந்தால் நன்றாகச் செய்கிறார்கள் என்று அர்த்தம். பில்லரில் தண்ணீர் நிற்காது, அதனால்தான் சாக்கு. அந்தச் சாக்கு எப்போதும் நனைந்திருக்க வேண்டும்.

நீங்கள் சிவில் படிக்க வேண்டியதில்லை. கை வைத்துப் பார்த்தாலே போதும், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எட்டும் இடத்தில் மட்டும். காய்ந்திருந்தால் ஏ.இ.-யிடம் சொல்லுங்கள். நான் அடுத்த வாரம் சொன்னேன். "என்னம்மா, நீ சிவிலா?" என்றார். "இல்ல சார், கொத்தனார் பொண்ணு" என்றேன். அதற்கப்புறம் காலை ஒரு ஆள், சாயங்காலம் ஒரு ஆள் ஹோஸ் பைப்போடு வர ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று, கியூப். கான்கிரீட் போடும் நாளில் அதே கலவையிலிருந்து 150 மில்லிமீட்டர் அச்சுகளில் எடுத்து வைப்பார்கள். 28 நாள் தண்ணீரில் வைத்து, ஆய்வகத்தில் அழுத்தி உடைத்துப் பார்த்துப் பலத்தைக் கணக்கிடுவார்கள். அந்த முடிவு ஆவணமாக இருக்கும். எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

புதுத் தளத்துக்கு அடியில் நடந்து போகலாமா?

தளத்தைக் கீழே இருந்து தாங்கும் முட்டு நிற்கும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். எவ்வளவு சுற்றுவழியாக இருந்தாலும் சரி.

முட்டுப் பிரிக்கவும் கணக்கு இருக்கிறது. அதே ஐ.எஸ். 456-இன்படி சாதாரண சிமெண்டில், 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். வகுப்பறை அகலம் 20 அடி என்றால் குறுக்கே போகும் பீம் 6 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஆக மூன்று வாரம். திறப்பு விழாத் தேதி நெருங்குகிறது என்று யாராவது பத்தாம் நாளே அந்தப் பீம் முட்டில் கை வைத்தால் அது பெரிய தப்பு, உடனே பொறியாளருக்குத் தெரிய வேண்டும்.

பழைய வகுப்பறையில் காரை பெயர்ந்து விழுகிறது. பூசிவிட்டால் சரியாகிவிடுமா?

உள்ளே கம்பி துருப் பிடித்திருந்தால் சரியாகாது. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது வீங்கிக் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. அதன் மேலேயே பூசினால் அடுத்த மழைக்குப் பூச்சோடு சேர்ந்து விழும். எங்கள் பக்கத்து வகுப்பில் அப்படித்தான் ஆனது. ஞாயிற்றுக்கிழமை இரவு விழுந்தது. திங்கள் காலை போனபோது மூன்றாவது பெஞ்ச் மேல் கை அகலத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. அந்தப் பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு யாருக்கும் பேச்சு வரவில்லை.

முறையான வேலை என்றால் தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பி முழுதாகத் தெரியும்வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, பிறகு அதற்கென்று உள்ள கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி வேண்டும். அதற்கும் முன்னால் மேலே இருந்து ஈரம் இறங்குவதை நிறுத்தியாக வேண்டும். நம் ஊர் மொட்டை மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அந்த ஓட்டு இடுக்கில் அரசமரக் கன்று முளைத்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

விரிசலோ துருக் கறையோ தெரிந்தால் அதற்கு நேர் கீழே உட்காராதீர்கள். பெஞ்சை நகர்த்த யார் அனுமதியும் வேண்டாம்.

சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், ஆனால் ஏற முடியவில்லையே?

என் தோழி ஊன்றுகோல் வைத்து நடப்பவள். புது பிளாக் வாசலில் சாய்தளம் கட்டியதும் அவளைத்தான் முதலில் கூட்டிப் போனோம். பாதி ஏறியதும் ஊன்றுகோல் வழுக்கியது, நான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் அப்பாவின் டேப்பைக் கொண்டுபோய் அளந்தேன். உயரம் ஒன்றரை அடி. நீளம் ஆறு அடி.

சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது கணக்கு. ஒரு அடி ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம். ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி வேண்டும். எங்களுடையது மூன்றில் ஒரு பங்குதான். வழுவழுப்பான கிரானைட்டைப் பதித்து, கைப்பிடியும் வைக்காமல் விட்டிருந்தார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனமும் கட்டடத்தையும் வளாகத்தையும் அவர்கள் பயன்படுத்தும்படி வைக்க வேண்டும் என்கிறது. அணுகல் வசதி இல்லாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அளவை எழுதி, படம் வரைந்து அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இடித்து, ஒரு திருப்பம் வைத்து நீளமாகக் கட்டினார்கள். சொரசொரப்பான தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி. வரைபடத்தில் இருக்கும்போதே கேட்டிருந்தால் இரண்டு தடவை செலவு ஆகியிருக்காது. கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அப்போதே பாருங்கள், சக்கர நாற்காலி நுழைய வேண்டும்.

மரத்தை வெட்டப் போகிறார்கள் என்கிறார்கள்?

அரசு நிலத்தில் உள்ள மரம் என்றால் கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் புங்கமரம் தப்பியது, சைக்கிள் ஸ்டாண்டை நான்கு அடி தள்ளிப் போட்டார்கள். புளியமரம் தப்பவில்லை.

வேலை செய்யும் ஆட்களோடு எப்படிப் பழகுவது?

எங்கள் தளத்தில் சித்தாள் அக்காக்கள் சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். கம்பி கட்டுகிறவர்கள் ஒடிசா, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்கள். அவர்களுக்குத் தெலுங்கு புரியும். ஓசூரிலிருந்து வந்த என் தோழி வீட்டில் தெலுங்குதான் பேசுவாள். அவள் போய் "பாகுன்னாரா அண்ணா" (நல்லா இருக்கீங்களா அண்ணா) என்று கேட்ட அன்றைக்கு அந்த அண்ணன்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வந்து ஆறு மாதத்தில் கல்லூரிக்குள் யாரும் அவர்களிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லையாம்.

ஒரு அக்கா தன் ஒன்றரை வயதுக் குழந்தையை வேப்பமரத்தடியில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் கலவை சுமந்தார். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று அப்போதிருந்த 1996-ஆம் ஆண்டு கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. எங்கள் இடத்தில் பன்னிரண்டு பேர்தான். சட்டம் அந்தக் குழந்தை வரைக்கும் எட்டவில்லை. முதல்வரிடம் சொல்லி, பூட்டிக் கிடந்த பழைய ஸ்டோர் ரூமைத் திறந்து ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்தோம். குடிதண்ணீரும் கழிப்பறையும் தொழிலாளர்களுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். நமக்குத் தற்காலிகக் கழிப்பறை கேட்கும்போது அவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

அக்கா, அண்ணா என்று கூப்பிடுங்கள். மேலே சாரத்தில் நிற்பவரைக் கீழே இருந்து திடீரென்று கத்திக் கூப்பிடாதீர்கள்.

நாக் குழு வருவதால்தான் அவசரமாகப் பெயின்ட் அடிக்கிறார்களா?

நாக் என்பது கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் தேசிய அமைப்பு. அந்தத் தரமதிப்பீட்டில் கட்டமைப்பு வசதிக்கு மதிப்பெண் இருக்கிறது, அதனால் அந்த நேரத்தில் வேலை வேகமெடுப்பது உண்மை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2017-இல் மாற்றியமைத்த முறையில் மாணவர் திருப்தி ஆய்வு என்ற ஒன்றும் சேர்ந்தது. உங்களுக்கு அந்தப் படிவம் வந்தால் ஐந்து நிமிடத்தில் முடிக்காமல் உள்ளதை எழுதுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்கலாம்?

நிறையக் கேட்கலாம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் பொதுத் தகவல் அலுவலர் இருப்பார். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தால் போதும். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் தகவல் என்பதைக் காகிதத்தோடு நிறுத்தவில்லை. பிரிவு 2(ஜே) பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. கியூப் சோதனை முடிவு, வேலை அட்டவணை, கால நீட்டிப்புக் கடிதம், முடிந்த பிறகு வரும் குறைகளை ஒப்பந்ததாரர் எத்தனை மாதம் வரை சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற பகுதி, இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லா விவரமும் தரவும்" என்று எழுதினால் ஒன்றும் வராது.

நாங்கள் கால நீட்டிப்புக் கடிதத்தின் நகலைக் கேட்டோம். 26-ஆம் நாள் வந்தது. புதிய தேதி நாங்கள் படித்து முடிப்பதற்கும் பிறகு என்று அதில்தான் தெரிந்தது. அதன் பிறகே நூலகத்தை ஆடிட்டோரியத்துக்கு மாற்றச் சொல்லி எழுதினோம், மாற்றினார்கள்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் சீக்கிரம் நடக்குமா?

முதலில் கடிதம் கொடுங்கள், ஒரு வாரம் பாருங்கள். போட்டோ எடுங்கள், தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்களின் முகம் வேண்டாம். குறைக்கு அவர்கள் பொறுப்பில்லை, ஆனால் வேலை போவது அவர்களுக்குத்தான்.

கடைசியில் உங்கள் கட்டடம் முடிந்ததா?

நான் மே மாதம் படித்து முடித்தேன். ஆகஸ்டில் சான்றிதழ் வாங்கப் போனபோது தகரம் இல்லை. அப்பாவும் கூட வந்திருந்தார். அவர் தண்ணீர் ஊற்றிய நான்கு பில்லரில் ஒன்று இப்போது வாசலுக்கு வலது பக்கம் நிற்கிறது, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். நான் நேராகப் பெண்கள் கழிப்பறைக்குப் போய் ஆறு குழாயையும் திறந்து பார்த்தேன். ஐந்தில் தண்ணீர் வந்தது. ஆறாவதை எழுதி ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அங்கே படிக்கிறவர்கள் அது சரியாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள். முதல் மாடி, இடது பக்கம் கடைசி.